இலவசமாகக் கொடுத்தவர் மீது எதற்கு வழக்கு? நெட்ஸ்கேப் – மைக்ரோசொஃப்ட் பற்றி ஒரு சந்தேகம்

கேள்வி: களுவாஞ்சிகுடி டீச்சர்

வணக்கம். உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். போன கிழமை ஏகபோகம் பற்றிய பாடம். கூகுள் நிறுவனம் தேடற்பொறிச் சந்தையில் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்து வந்தது என்று 2024 ஆகஸ்ட் 5ஆம் திகதி அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்ததை உதாரணமாகச் சொன்னேன். கடைசி வாங்கில் இருக்கிற ஒரு பிள்ளை எழுந்தாள். "கூகுளுக்கு நான் இன்றுவரை ஒரு சதமும் கொடுத்ததில்லையே டீச்சர். விலையே இல்லாத இடத்தில் ஏகபோக விலை எங்கே இருக்கிறது?"

சமாளிப்பதற்காக இன்னும் பழைய வழக்குக்குப் போனேன். இணையப் பக்கங்களைத் திறந்து பார்க்கிற மென்பொருளான உலாவிக்காக மைக்ரோசொஃப்டுக்கும் நெட்ஸ்கேப்புக்கும் நடந்த சண்டையில், அமெரிக்க அரசு மைக்ரோசொஃப்ட் மீது போட்ட வழக்கு அது. அங்கே நிலைமை இன்னும் மோசமானது. நெட்ஸ்கேப் நிறுவனங்களுக்குக் காசுக்கு விற்றது, மைக்ரோசொஃப்ட் எல்லோருக்கும் சும்மா கொடுத்தது. "அப்படியானால் நல்லவர் யார் டீச்சர்?"

எங்கள் ஊர் வழக்கத்தில் ஒரு கதை சொன்னேன். கடற்கரையில் மீன் வாங்குகிற வாடி முதலாளி தோணிக்காரருக்கு ஐஸை இலவசமாகக் கொடுக்கிறார். ஐஸ் விற்றுப் பிழைத்தவன் தொழிலை விட்டுவிட்டுப் போகிறான். பிறகு முதலாளி ஐஸுக்கு விலை வைக்கிறார். அதே பிள்ளை விடவில்லை: "மைக்ரோசொஃப்ட் எந்த ஆண்டில் உலாவிக்கு விலை வைத்தது?"

வைக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். பாடநூலில் உள்ள கணக்கு, அதாவது முதலில் விலையைக் குறைத்துப் போட்டியாளரை விரட்டு, பிறகு விலையை ஏற்றி இழந்ததை எடு என்பது, இங்கே பொருந்தவில்லை. அந்தக் காலத்தில் இணையத்தோடு புழங்கியவர்கள் யாராவது விளங்கப்படுத்துவீர்களா?

பதில்: வாவிக்கரை

டீச்சர், அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

2002 மார்ச்சில், போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு மாதம்கூட ஆகாத நேரம், மட்டக்களப்பு அரசடிப் பக்கம் நெட் கபே ஒன்றைத் திறந்தேன். கொழும்பிலிருந்து லொறியில் வந்த நான்கு பழைய கணினிகள், ஒரு தொலைபேசி இணைப்பு, ஒரு மோடம். நான்கு கணினியும் அந்த ஒரே கம்பியைப் பங்கு போட்டன. நிமிடத்துக்கு நான்கு ரூபாய். வந்தவர்களில் பாதிப்பேர் தாய்மார். மகன் சுவிஸில், மகள் கனடாவில். குரல் வராவிட்டால் என்னைப் பார்ப்பார்கள், நான்தான் கம்பியை அறுத்தவன் போல.

"எங்கே தம்பி அழுத்துவது?"

"நீல ஈயை அழுத்துங்கள் அம்மா."

ஆங்கில எழுத்து ஈயைத்தான் சொன்னேன். ஆரையம்பதியிலிருந்து வந்த ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, திரையில் ஈ எங்கே இருக்கிறது என்று உண்மையாகவே தேடினார். அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரு நிறுவனத்தின் உலாவி, அதைப்போல வேறும் உண்டு என்று என் கடைக்கு வந்தவர்களில் பத்துப் பேருக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அவர்களுக்கு அந்த ஈதான் இன்டர்நெட்.

கொழும்பில் வாங்கிய ஒரு கணினிச் சஞ்சிகையோடு ஒட்டி வந்த சீடியில் நெட்ஸ்கேப் இருந்தது. நான்காவது கணினியில் அதையும் போட்டு வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. சீடி இல்லாமல் இணையத்திலிருந்து இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் பாருங்கள். பதினாறு மெகாபைட் என்று வையுங்கள். எங்கள் கம்பியில் விநாடிக்கு நான்கு கிலோபைட் வந்தால் அது நல்ல நாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். நடுவில் யாராவது தொலைபேசி எடுத்தால் முதலிலிருந்து. உள்ளதை விட்டுவிட்டு அந்தக் காசையும் நேரத்தையும் யார் செலவழிப்பார்கள்?

வழக்கின் மையமே இந்த இடம்தான். ஓர் உலாவி மக்கள் கைக்குப் போவதற்கு அன்று நல்ல வழி இரண்டு என்று நீதிமன்றம் கண்டது. கணினி செய்கிறவன் பெட்டியிலேயே போட்டு அனுப்புவது ஒன்று. இணைப்புக் கொடுக்கிற நிறுவனம் தன் மென்பொருளோடு சேர்த்துக் கொடுப்பது மற்றது. மைக்ரோசொஃப்ட் இரண்டு வழியிலும் ஆள் நிறுத்தியது. 1996இல் கொம்பாக் நிறுவனம் தன் கணினித் திரையிலிருந்து அந்த ஈயை எடுத்துவிட்டது. விண்டோஸ் உரிமத்தையே நிறுத்திவிடுவோம் என்று கடிதம் போனது, கொம்பாக் திரும்ப வைத்தது. விண்டோஸ் இல்லாமல் கணினி விற்க அன்று யாரால் முடியும்? அதே ஆண்டு மார்ச்சில், இணைய இணைப்புக் கொடுக்கிற அமெரிக்கா ஒன்லைன் நிறுவனத்தோடு ஒப்பந்தம்: உங்கள் சின்னத்தை விண்டோஸ் திரையில் வைக்கிறோம், எங்கள் உலாவியை உங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுங்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அப்பிள் நிறுவனத்தில் 150 மில்லியன் டொலர் முதலீடு. அந்த உடன்பாட்டில் மக்கின்டொஷ் கணினியின் முதல் உலாவியும் நீல ஈயாகிவிட்டது.

நெட்ஸ்கேப்பும் இணையத்தில் கொடுத்தது, தபாலில் சீடி அனுப்பியது. ஒருவரும் அதைத் தடுக்கவில்லை. பிரதான வீதியைப் பூட்டிவிட்டு, வயல் வரம்பால் நடந்து போகலாம்தானே என்று சொல்வது போன்ற தடை.

இனி விலைக் கேள்வி. உங்கள் ஐஸ் கதை பாதி சரி, மற்றப் பாதியை நான் திருத்துகிறேன். ஐஸ் விற்கிறவன் விடியற்காலையில் ஒவ்வொரு தோணியாகப் போகிறவன். எந்தத் தோணியில் என்ன மீன், யாருக்கு எவ்வளவு கடன், எல்லாம் அவனுக்குத் தெரியும். இன்றைக்கு ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் கொண்டு போகிறவன் நாளைக்கு அதே பெட்டியில் மீனை வாங்கிக்கொண்டு வந்தால்? முதலாளி பயந்தது அதற்குத்தான். அவர் ஐஸில் ஒருநாளும் காசு பார்க்கத் தேவையில்லை. மீனின் விலையைச் சொல்கிறவர் தொடர்ந்து அவராகவே இருந்தால் போதும்.

இங்கே மீன் என்பது விண்டோஸ், கணினியை இயக்குகிற அடிப்படை மென்பொருள், அதாவது இயங்குதளம். எல்லோரிடமும் விண்டோஸ் இருப்பதால் மென்பொருள் எழுதுகிறவர்கள் அதற்கே எழுதுகிறார்கள். மென்பொருள் எல்லாம் அதற்கே இருப்பதால் எல்லோரும் அதையே வாங்குகிறார்கள். இந்த வட்டத்துக்குள் வேறு ஆள் நுழைய முடியாது. உலாவியும், எந்தக் கணினியிலும் ஓடுகிற நிரல் எழுத உதவும் சன் நிறுவனத்தின் ஜாவா மொழியும் வந்தபோதுதான் ஒரு வெடிப்புத் தெரிந்தது. செயலியை உலாவிக்கு என்று எழுதினால் கீழே இருப்பது விண்டோஸா வேறொன்றா என்று யாருக்குக் கவலை? இதை முதலில் கண்டுகொண்டவர்களில் பில் கேட்ஸும் ஒருவர். 1995 மே 26ஆம் திகதி தன் அதிகாரிகளுக்கு எழுதிய நீண்ட குறிப்பில், இணையத்தில் பிறந்த புதிய போட்டியாளர் என்று நெட்ஸ்கேப்பின் பெயரைச் சொல்லியே, அது இயங்குதளத்தை மதிப்பில்லாத சாதாரணப் பொருளாக்கிவிடும் என்று எச்சரித்திருந்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் திகதி, தொடங்கி ஒன்றரை வயதுகூட ஆகாத நெட்ஸ்கேப், பங்குச் சந்தைக்கு வந்தது. 28 டொலருக்கு விற்ற பங்கு மாலையில் 58.25. பதினைந்து நாள் கழித்து விண்டோஸ் 95 வெளிவந்தது.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு இப்படிச் சொல்லுங்கள்: உலாவிக்கு விலை வைக்கவில்லை, உண்மை. உலாவியைக் கொண்டு விண்டோஸின் விலைக்குக் காவல் போட்டார்கள்.

வென்ற பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், அது என் கடையிலேயே தெரிந்தது. எக்ஸ்ப்ளோரரின் 6ஆம் பதிப்பு 2001 ஆகஸ்டில் வந்தது. 7ஆம் பதிப்பு 2006 ஒக்டோபரில். போட்டி நடந்தபோது ஆண்டுக்கு ஒன்று இறக்கியவர்கள், எதிரில் ஆள் இல்லை என்றதும் ஐந்து ஆண்டு உறங்கினார்கள். என் கணினிகளில் வைரஸும், கேட்காமல் எழும்புகிற விளம்பரச் சாளரமும் பெருகியது அந்த ஐந்து ஆண்டில்தான். வாரக்கடைசியில் நான்கு கணினியையும் துடைத்து மீண்டும் விண்டோஸ் போடுவேன். தமிழ் காட்டுகிற பாமினி எழுத்துருவைத் திரும்பப் போட மறந்தால் திங்கட்கிழமை ஊர்ச்சண்டை.

பதில்: ஒலுவில் நிரலாளன்

வாவிக்கரை அண்ணன் சொன்னதில் ஒப்பந்தங்கள் பற்றிய பகுதி சரி. ஆனால் நெட்ஸ்கேப்பை ஒரு பாவப்பட்ட ஐஸ்காரனாகக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த நாளில் பழைய பக்கங்களைத் திருத்துகிற வேலை செய்தேன். நெட்ஸ்கேப் 4க்கு என்று தனியாக எழுதப்பட்ட நிரல் வரிகளைப் பார்த்தாலே தலை சுற்றும். சாளரத்தின் அளவைச் சற்று மாற்றினால் பக்கத்தின் அலங்காரம் எல்லாம் உதிர்ந்துவிடும். அதற்கு மருந்தாகவே பலர் ஒரு நிரல் துண்டை வைத்திருந்தார்கள். எக்ஸ்ப்ளோரர் 5 உண்மையிலேயே மேலானது. இன்று பக்கம் முழுவதும் திரும்ப ஏறாமல் மின்னஞ்சல் மட்டும் வந்து விழுகிறதே, அந்த உத்தி முதலில் வந்தது அதில்தான், 1999இல்.

நெட்ஸ்கேப் என்ன செய்தது? 1998 மார்ச் 31ஆம் திகதி மூலநிரலை எவரும் பார்த்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்டது, நல்ல காரியம். பிறகு இருந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து எழுதத் தொடங்கியது. 5ஆம் பதிப்பு வரவே இல்லை. 6ஆம் பதிப்பு 2000 நவம்பரில், அரைவேக்காடாக வந்தது. இரண்டரை ஆண்டு கடையைப் பூட்டி வைத்துவிட்டு வாடிக்கையாளர் போய்விட்டார் என்று அழுதால்?

உண்மையில் அழ வேண்டியது ஸ்பைகிளாஸ் நிறுவனம். மைக்ரோசொஃப்ட் தன் முதல் உலாவியை வெறுமையிலிருந்து எழுதவில்லை. இலினோய் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொசாயிக் உலாவியின் உரிமத்தை ஸ்பைகிளாஸிடமிருந்து பெற்றது. விற்பனையில் ஒரு பங்கு தருவதாகப் பேச்சு. பிறகு உலாவியை இலவசமாக்கியது. விற்பனை இல்லை, பங்கும் இல்லை. 1997இல் 8 மில்லியன் டொலரோடு கணக்கைத் தீர்த்தார்கள். இலவசத்தால் நேரடியாக அடிபட்ட ஆள் வேண்டுமென்றால் டீச்சர், வகுப்பில் இதைச் சொல்லுங்கள்.

பதில்: வாவிக்கரை

தம்பி சொல்வதை மறுக்க மாட்டேன். தமிழ் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போய் ஒப்புக்கொள்கிறேன். யுனிகோட் தமிழ் பரவத் தொடங்கியபோது அதை ஒழுங்காகக் காட்டியது அந்த ஈதான். விண்டோஸ் எக்ஸ்பியில் மொழி அமைப்புக்குள் போய், சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை விண்டோஸ் சீடியிலிருந்து ஏற்றிவிட்டால், கொம்பும் காலும் தன் இடத்தில் இருக்கும். பயர்பொக்ஸ் உலாவி வந்த புதிதில், 2004 கடைசியில், ஆசையோடு போட்டேன். இருபுறமும் சீராக்கிய பந்திகளில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம். "உங்கள் கணினியில் தமிழ் நொறுங்கிக் கிடக்கிறது" என்று ஒரு ஆசிரியர் காசு தராமல் போனார். 2008இல் 3ஆம் பதிப்பு வந்த பிறகுதான் அது சரியானது.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் வேகமாகவும் ஓடினான், பக்கத்தில் ஓடியவனின் காலையும் தட்டிவிட்டான். வேகமாக ஓடியதால் கால் தட்டியது இல்லாமல் போகுமா? 1997இல் எக்ஸ்ப்ளோரர் 4 வெளியான இரவு, மைக்ரோசொஃப்ட் ஆட்கள் பென்னம்பெரிய ஈ ஒன்றைக் கொண்டுபோய் நெட்ஸ்கேப் அலுவலகப் புற்றரையில் நட்டுவிட்டு வந்தார்கள். விடிந்ததும் நெட்ஸ்கேப் ஆட்கள் அதைச் சாய்த்துவிட்டு, தங்கள் டைனோசர் பொம்மையை அதன் மேல் ஏற்றி, "நெட்ஸ்கேப் 72, மைக்ரோசொஃப்ட் 18" என்று பலகை மாட்டினார்கள். நூற்றுக்கு 72 கையில் வைத்திருந்த நிறுவனம் அது. அடுத்த ஆண்டு நவம்பரில் அமெரிக்கா ஒன்லைனுக்கு விற்பனை. அரைவேக்காடான 6ஆம் பதிப்பு அதற்கும் இரண்டு ஆண்டு பிந்தி வந்தது. திகதிகளைப் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி, எது முன்னால், எது பின்னால்.

பதில்: அக்கரைப்பற்று, சட்டக்கல்லூரி

டீச்சரின் கேள்விக்கு நேரான பதில் மேன்முறையீட்டுத் தீர்ப்பிலேயே இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

வழக்கு 1998 மே 18ஆம் திகதி தாக்கல் செய்யப்பட்டது. சட்டம் 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம். நீதிபதி தோமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 2000 ஜூனில் நிறுவனத்தை இரண்டாகப் பிளக்க உத்தரவிட்டார். 2001 ஜூன் 28ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. வழக்கு முடியும் முன்பே பத்திரிகையாளர்களோடு இரகசியமாகப் பேசியதற்காக ஜாக்சனும் கடுமையாகக் கண்டிக்கப்பட்டார். ஆனால் இயங்குதள ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்தது என்ற முடிவு பெரும்பகுதி நிலைத்தது.

அதில் கவனிக்க வேண்டியது: இலவசமாகக் கொடுத்ததை நீதிமன்றம் குற்றமாகக் கொள்ளவில்லை. ஏகபோக நிறுவனம்கூட நல்ல விலைக்குப் பொருள் கொடுக்கலாம், நட்டத்துக்கு விற்று விரட்டுகிற அரிதான நிலைமையைத் தவிர. அகப்பட்டது கணினி உற்பத்தியாளர்களைக் கட்டிய நிபந்தனைகள், மற்றவரை விலக்கிய ஒப்பந்தங்கள், உலாவியை அகற்ற முடியாதபடி இயங்குதளத்தோடு பின்னியது ஆகியவை. நெட்ஸ்கேப் கட்டாயம் வென்றிருக்கும் என்று அரச தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை என்பதும் அங்கே தெளிவாக இருக்கிறது. ஒலுவில் சகோதரருக்கு அது பதில். முளையிலேயே கிள்ளியவன், அது எப்படியும் காய்த்திருக்காது என்று வாதாட முடியாது.

அகற்ற முடியாது என்ற கதைக்கு ஒரு வேடிக்கையான பின்கதை உண்டு. பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் விண்டோஸ் 98இலிருந்து எக்ஸ்ப்ளோரரை நீக்கிக் காட்டினார். அப்படிச் செய்தால் கணினி மந்தமாகும் என்று காட்ட மைக்ரோசொஃப்ட் ஒரு வீடியோவை நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்தது. அரச தரப்பு வழக்கறிஞர் டேவிட் பொயிஸ் அதை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். ஒரே கணினி என்று நினைத்துப் பார்த்தது பல கணினிகளில் எடுத்த துண்டுகள் என்பது வெளிப்பட்டது. குறுக்கு விசாரணை படிக்கிற எங்களுக்கு இது இனிப்பு.

கூகுள் வழக்கிலும் தேடுகிறவர் கொடுக்கிற விலை பிரச்சினையாகவில்லை, வாசல்தான் முக்கியமாகப் பேசப்பட்டது. கைத்தொலைபேசியிலும் உலாவியிலும் முதல் தேடற்பொறியாக இருப்பதற்கு 2021இல் மட்டும் 26.3 பில்லியன் டொலர் கொடுத்தது அந்த விசாரணையில் வெளிவந்தது.

களுவாஞ்சிகுடி டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. திருத்திய ஐஸ் கதையை இன்று வகுப்பில் சொன்னேன். அந்தப் பிள்ளையின் அப்பா கல்லாற்றில் தோணி வைத்திருக்கிறவர் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். அவள் சொன்னது: "ஐஸ்காரன் மீன் வாங்கத் தொடங்கினால் அவனும் ஒருநாள் முதலாளியாகத்தானே ஆவான் டீச்சர்." 2008 செப்டெம்பரில் குரோம் உலாவியை இறக்கியது கூகுள்தான் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு வைத்திருக்கிறேன்.

வாவிக்கரை அண்ணன், அந்த நெட்ஸ்கேப் சீடி இன்னும் இருக்கிறதா? பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

வாவிக்கரை

கடையை மூடும்போது பாமினி எழுத்துரு, மோடத்தின் சீடி எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டிருந்தேன். நேற்று இரவு பரணிலிருந்து இறக்கினேன். இருக்கிறது. ஒரு கீறல், ஆனால் கோப்பு திறக்கிறது, மருமகனின் கணினியில் பார்த்துவிட்டேன். அவன் வெள்ளிக்கிழமை கல்முனைக்கு வேலையாகப் போகிறான், களுவாஞ்சிகுடிச் சந்தியில் இறங்கித் தருவான். உங்கள் ஆய்வுகூடக் கணினியில் சீடி போடுகிற தட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.